சுமை நிலை ஏழு

ட்ரோண்ட்ஹெய்மில் நவம்பர் கடைசியில்
மூன்று மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும்.
என் திரையில் ஒரு தொடை எலும்பு
நீலமாய் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

நான்கு லட்சத்துச் சொச்சம் நான்முகிகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வலு,
ஸ்கேனின் சாம்பல் நிறத்திலிருந்து கறந்தெடுத்தது.
கறுப்பு கூடக் கூட எலும்பு சோகை.
பெயர் தரமாட்டார்கள்.
பிறந்த ஆண்டு, எடை, இடது பக்கம்.
நாற்பத்தேழு என்று கூப்பிட்டோம்.

நாற்பத்தேழுக்குள் டைட்டானியத் தண்டு ஒன்றை இறக்கி,
கழுத்து வழியே தலைக்கு ஒரு திருகு ஏற்றி,
நடக்கவிட்டேன்.
எட்டு ஒன்றுக்கு, உடல் எடை போல் இரண்டரை மடங்கு
இடுப்பில் இறங்கும்.
நாற்காலியிலிருந்து எழ வைத்தேன்.
படி ஏற, படி இறங்க, நின்றபடி திரும்ப,
காலுறை மாட்டுகிறவர் போல
ஒற்றைக் காலில் நிற்க.
ஆறு சுமை நிலைகள். ஆறும் தாங்கின.

திருகின் நுனியில்
கடுகளவு சிவப்பு.

ஆர்ன்ஃபின் எட்டிப் பார்த்தார்.
வலையைப் பொடிசாக்கினேன், சிவப்பு ஏறியது.
இன்னும் பொடிசாக்கினேன், இன்னும் ஏறியது.
"கூர்முனை கண்டால் கணக்கு இப்படித்தான்,
முடிவிலியைத் தேடி ஓடும்.
எலும்பு ஓடாது" என்றார்.
பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.
ஒரே சொடுக்கு. அந்தக் கணுக்களை மறைத்தேன்.
அறிக்கையில் படம் அழகாக வந்தது.

பிப்ரவரியில் எஸ்கில் ஓர் எக்ஸ்ரே அனுப்பினார்.
கடிதம் இல்லை. தலைப்பில் 47.
திருகு எலும்பின் தலையைத் துளைத்துக்கொண்டு
இடுப்புக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தது.
என் படத்தை அதன்மேல் வைத்தேன்.

அதே இடம்.

போனில் அவர் எதையோ மென்றுகொண்டே பேசினார்.
மூன்று அறுவை முடித்துவிட்டு வந்த பசி.
"உன் தப்பு இல்லை. ஆள் ஆறாம் வாரமே
படிக்கட்டுப் பனியை வாரப் போயிருக்கிறார்.
தன் வீட்டுப் படிகூட இல்லை.
பக்கத்து வீட்டுப் படி."
யார் அவர், என்றேன்.
"சொல்லக்கூடாது, தெரியுமே.
படகில் எஞ்சின் பார்த்தவர். அவ்வளவுதான்."

துளைத்தது மண்வாரியா,
நான் மறைத்த கடுகா?
எப்படிக் கூட்டினாலும் கணக்கு உதைக்கிறது.

பேருந்தில் ஒருவர் பனிச்சறுக்குக் கட்டையை அணைத்தபடி
உடம்பை முறுக்கி எனக்கு வழிவிட்டார்.
அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று ஏழாவது எழுதினேன்.
முன்குனிவு. இடப்பக்க முறுக்கல்.
நீட்டிய கைகளின் முனையில்
எட்டுக் கிலோ ஈரப்பனி.
பின்கால் இரண்டு விரற்கடை வழுக்க வேண்டும்.
பெயர்ப் பெட்டியில் 'பக்கத்து வீடு' என்று அடித்தேன்.
இடைவெளி கூடாது என்றது மென்பொருள்.
சேர்த்து அடித்தேன்.

ராத்திரி முழுக்க ஓடும்.
எந்தக் கணுவையும் மறைக்கவில்லை.