பத்து வினாடி

பெரம்பூர் ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தால்
ஒரு நாற்காலிக்கும் ஒரு ட்ரைபாடுக்கும்
எனக்கும் இடம் கிடைக்கிறது.
பின்னால் நீலத் துப்பட்டா,
நாலு மூலையிலும் துணிக் கிளிப்.

இன்று எங்கள் குடும்பப் படம்.
எல்லோரும் நான்தான்.

முதலில் அக்கா.
குவைத்துக்குப் போகும்போது விட்டுப்போன
மெரூன் சுடிதார், கழுத்தோரம் இன்னும் அவள் பவுடர்.
அவள் சிரிப்பு எனக்கு மனப்பாடம்:
மேலுதட்டைக் கீழே இழுத்து
தெற்றுப்பல்லை மறைப்பாள்.
எனக்குத் தெற்றுப்பல் இல்லை.
இருந்தும் மறைத்தேன்.
சிவப்பு விளக்கு பத்து, ஒன்பது, எட்டு என்று கண்சிமிட்ட
மூன்று வருவதற்குள்
எதையோ மறைப்பவளின் முகம் எனக்கு வந்துவிட்டது.

அடுத்து அப்பா.
அவர் சட்டை ஒன்றுகூட வீட்டில் இல்லை.
கடைசிச் சட்டை
கேஸ் அடுப்பைத் துடைத்துத் துடைத்தே நூலாகிப் போனது.
கீழே இஸ்திரி வண்டியில் தேசிங்கண்ணனிடம் கேட்டேன்,
"ஒரு மணி நேரத்துக்கு ஆம்பளச் சட்டை ஒண்ணு குடுண்ணா."
ஏற இறங்கப் பார்த்தார்.
"சி பிளாக் வாத்தியாருது.
கறை கிறை பட்டுச்சி, என் பொழப்பு போச்சி."

சூடு ஆறாத வெள்ளைச் சட்டை.
வேறு யாருடைய அப்பாவுக்குள்ளோ
கையை நுழைத்தேன்.
தோள் தொங்கியது.
அவருக்கும் தொங்குமா, பொருந்துமா?
நான் ஏழாவது படிக்கும்போது போனவர்.
எனக்கு மிச்சம்
ஒரு முதுகும், பின்பாக்கெட்டில் துருத்திய சீப்பும்.
அதனால் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

கிளிக்காகும் நேரம் பார்த்து ஆவடி லோக்கல் போனது.
அது போனால் ஜன்னல் கம்பி உதறும்,
ட்ரைபாடும்.
அப்பா இப்போது இருப்பது ஆவடியில்.
படத்தில் அவர் முதுகு ரெண்டாக விழுந்திருந்தது.
அழிக்கவில்லை.

பிறகு அம்மா.
பூப்போட்ட நைட்டி, மேலே துண்டு, தலையில் கிளிப்.
அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
நாற்காலிக்குப் பக்கத்தில்
இடுப்பில் கைவைத்து நின்றேன்.
ஐந்து, நாலு…
கதவு திறந்தது.

கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை,
பையில் முருங்கைக்காய்.
அம்மா அம்மாவைப் பார்த்தாள்.
திட்டு வருமென்று துண்டை இழுத்துக்கொண்டேன்.

"நான் இப்பிடியா நிக்கறேன்?
இடுப்புல கை வெச்சிகினு நிக்கறதுக்கு
எனக்கு ஏது டைமு?
வலது முட்டி வலி. எடது கால்லதான் நிப்பேன்.
மூணு வருசமா."

மூணு வருசமா.

காலை மாற்றிக்கொண்டேன்.
வாசலிலேயே நின்று, கிளிக் கேட்கும்வரை
செருப்பைக் கழற்றாமல் பார்த்தாள்.

"சரி, நீ எங்க?"
"எல்லாமே நான்தாம்மா."
"அது தெரியுது. நீ எங்கன்னு கேட்டேன்."

எனக்கு வாயெடுக்கும் முன்பே
ஆணியில் தொங்கிய என் கறுப்புச் சட்டையை
சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள்,
காதில் என் ஹெட்போனை.
நாற்காலியில் உட்கார்ந்து
வலிக்கிற முட்டியை மேலே மடக்கி வைத்து
கட்டைவிரல் நகத்தைக் கடித்தாள்.
கேமராவைப் பார்க்கவில்லை.
வாசலைப் பார்த்தாள்.

"இப்பிடித்தாண்டி நீ.
தட்டுல சோத்தப் போட்டாலும்
கண்ணு வாசல்லதான் இருக்கும்."

டைமர் வைக்க மறந்து கையாலேயே அழுத்தினேன்.
லோக்கல் எதுவும் போகவில்லை.
படம் அசைந்திருந்தது.

ராத்திரி நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்துப் பார்த்தேன்.
கண்கள் கண்களோடு சேரவில்லை.
ஒரு தோளுக்கு மூன்று விளிம்பு.
நாற்காலி மட்டும் தெளிவு.
சமையலறையில் அம்மா
இடது காலில் நின்று முருங்கைக்காய் நறுக்கினாள்.

காலையில் சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒரு மணி நேரம் என்று கேட்டது.
தேசிங்கண்ணன் ஒன்றும் சொல்லாமல் உதறினார்,
தண்ணீர் தெளித்தார்,
முதுகில் நான் விட்டுவந்த மடிப்புகளின்மேல்
பெட்டியை ஒருமுறை நிதானமாக ஓட்டினார்.
வாத்தியார் எட்டரைக்கு வந்து வாங்கிக்கொள்வார்.