மைனஸ் இருபத்தொன்று

இரவு இரண்டே காலுக்கு ஓலு பணிமனையில்
என் லாரிக்குள் கொட்டுகிறார்கள்
பத்து டன் உப்பு.
மோல் கணக்கில், ஏறத்தாழ
ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம்.
இப்படிச் சொல்ல இந்தக் குளிர்காலத்தில்தான் கற்றேன்.
செவ்வாயும் வியாழனும் மாலையில் நான் மாணவி,
ஐம்பத்தொரு வயதில்,
முழங்கால் இடிக்கும் பள்ளி மேசையில்.

வாத்தியார் ஆரோவுக்கு
என் முதல் லாரியைவிட வயது குறைவு.
தராசில் உப்பைக் கொட்டி
ஐம்பத்தெட்டரை கிராமில் நிறுத்தினார்.
"இது ஒரு மோல். எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால்
ஆறு போட்டு, பின்னால் இருபத்து மூன்று இலக்கம்."
நான் என் கையுறையைப் பார்த்தேன்.
இருபத்தெட்டு வருஷமாய்
ஒரு பிடி என்று அள்ளியது அவ்வளவுதான்.

உப்பிடம் சூடு கிடையாது.
அதுவரை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.
நீர் அறுகோணமாய்க் கைகோக்கப் பார்க்கிறது;
சோடியம் ஒருபுறம் குளோரைடு ஒருபுறமாய்ப் பிரிந்து
நடுவில் புகுந்து
கோத்த கையை விடுவிக்கின்றன.
சோடியத்துக்கு ஆக்சிஜன் முகத்தைக் காட்டும் நீர்
குளோரைடுக்கு ஹைட்ரஜன் பக்கமாய்த் திரும்பிக்கொள்கிறது.
இரண்டு பேரிடமும் ஒரே முகமாய்ப் பழகத் தெரியாத
என் மைத்துனி இர்மெலி ஞாபகம் வந்தது.

கரும்பலகையில் இரண்டு கோடுகள்
சரிந்து வந்து ஓரிடத்தில் முட்டின.
மைனஸ் இருபத்தொன்று. அதற்குக் கீழே
எத்தனை டன் கொட்டினாலும் வெறும் பாரம்.
அந்த முனையை எனக்குத் தெரியும்.
ஜனவரியில் அங்கே மணல்தான் போடுகிறோம்.
மணல் கரையாது, கேள்வியும் கேட்காது.

கெமி போகும் சாலையில்
நிலத்தடி நீர்ப் பகுதி என்று ஒரு பலகை.
அங்கே உப்பை நிறுத்த வேண்டும்.
நிறுத்தினேன்.
விடியலில் அதே வளைவில்
தபால் வேன் ஒன்று வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது.
ஓட்டியவன் பெயர் கௌக்கோ, மணிக்கட்டு முறிவு.
கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டான்:
"உப்புக்கு என்ன பஞ்சம் வந்தது உனக்கு?"
சமன்பாட்டில் இடமும் வலமும் ஒத்துப்போகும்.
அந்த வளைவில்
எதை எந்தப் பக்கம் எழுதுவது?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள்.
இங்கே உப்பைத் தின்பதே தண்ணீர்தான்.

தேர்வில் கேட்டிருந்தார்கள்:
கரைந்த உப்பு எங்கே போனது? விளக்குக.
நிறை அழியாது என்று தொடங்கியவள் நிற்கவில்லை.
பிர்ச் மரத்தின் வேருக்கு, என் லாரிக் கதவின் அடித்துருவுக்கு,
நாய்களின் பாதத்துக்கு, ஏப்ரலில் ஆற்றுக்கு
என்று பக்கம் நிரம்பியது.
ஐந்துக்கு இரண்டரை.
சிவப்பு மையில் ஒரு வரி: "அயனிகளாக, நீரிலேயே."

பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு
அது போதுமாக இருக்கலாம்.

பனி உருகிய வாரம்
சாலையோரப் பள்ளத்து நீரைக் காப்பி டப்பாவில் அள்ளி
அடுப்பில் வைத்தேன்.
கொதித்து வற்றி
அடியில் ஒரு வெள்ளை வளையம், கொஞ்சம் மண்.
வியாழக்கிழமை டப்பாவோடு போனேன்.
ஆரோ விரலால் சுரண்டினார்,
நாக்கு வரை கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார்,
தராசை எடுத்துவந்தார்.
மூன்று புள்ளி இரண்டு கிராம்.

"எத்தனை லிட்டர் நீர்?" என்றார்.
அளக்க மறந்திருந்தேன்.