மேற்படிப்பு

மேற்படிப்புக்கு எல்லோரும்
கீழேதான் போக வேண்டும்.
எங்கள் ஊரில் இதை யாரும் வேடிக்கைக்குச் சொல்வதில்லை.
கீழே என்றால் மேட்டுப்பாளையம்.
அதற்கும் கீழே கோவை.
மிச்சமெல்லாம் சென்னை.

நவம்பரில் ஒருவர் வந்தார்,
புரொஜக்டரும் ஒயரும் தூக்கிக்கொண்டு.
திரையில் ஒரு மரம்;
கிளைக்குக் கிளை உத்தியோகம்.
யாரும் கவாத்து செய்யாத மரம்,
அது பாட்டுக்கு வளர்ந்திருந்தது.
'ஐந்து வருடம் கழித்து
உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?'
ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.
'சார், இப்ப உங்களையே பாக்க முடியல'
என்றான் பின்பெஞ்சு பவித்ரன்.
சிரித்தோம். அவரும் சிரித்தார்.
பிறகு அதே படத்தை
இன்னொரு தடவை காட்டினார்.

ஜூனில்
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
பியூலா அக்காவின் பிரௌசிங் சென்டர்.
விண்ணப்பத்துக்கு ஐம்பது ரூபாய்,
அழுதால் நாற்பது.
ரேஷன் கார்டில் நிரோஜா,
மார்க் ஷீட்டில் நிரோசா.
'நீ இதுல யாரு?' என்றாள் அக்கா.
பெற்றோர் தொழில் என்ற பெட்டியைத் திறந்தாள்:
அரசு, தனியார், விவசாயம், இதர.
அம்மா பறிப்பது அரசுத் தோட்டத்தில்,
வாங்குவது நாள் கூலி,
கையில் இருப்பது விவசாயம்.
'இதர' என்று அழுத்தினோம்.
எங்கள் லைனில் அறுபது வீடு,
அறுபதும் இதர.

ஓடிபி அம்மாவின் போனுக்குப் போனது.
போன் பதினாலாம் நம்பர் காட்டில்,
மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாளுக்குள், இடுப்பில்.
பத்து நிமிடம்தான் உயிர் அதற்கு.
பாறை வளைவுக்கு ஏறி வந்து கூப்பிட்டாள்.
ஆறு எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லவில்லை அவள்,
தராசடியில் சொல்வது மாதிரி சொன்னாள்:
'நாப்பத்தேழு. பன்னெண்டு. முப்பத்தெட்டு.'
கொஞ்சம் மூச்சு வாங்கி,
'இதுல ஈரக் கழிவு புடிப்பாங்களா?'
'இல்லம்மா, முழுசா எடுத்துக்குவாங்க.'
'அதிசயந்தான்' என்று வைத்துவிட்டாள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொன்னது கணினி.
அஜ்மல் பஸ் கட்டணப்படி வரிசைப்படுத்தினான்.
பவித்ரன் அவன் மாமா திட்டியபடி.
பியூலா அக்கா எனக்குச் சொன்னது ஒன்றுதான்:
'ஹாஸ்டல் இருக்கான்னு மொதல்ல பாரு,
தண்ணி வருதான்னு அப்புறம் கேளு,
பாடம் எப்படியும் நடக்கும்.'
முதல் இடத்தில் புள்ளியியல் போட்டேன்.
'அத படிச்சா என்ன வேல?'
தெரியவில்லை.
கொழுந்து எடை நோட்டில்
அம்மா பெயருக்கு நேரே
பன்னிரண்டு வருடத்து எண்கள் இருக்கின்றன.
மழை நாளில் எவ்வளவு, வெயிலில் எவ்வளவு,
நான் காய்ச்சலில் கிடந்த வாரம் எவ்வளவு.
எழுதினார்கள்,
யாரும் அதைப் படித்ததில்லை.
இதையெல்லாம் எழுத அந்தப் பெட்டியில் இடமில்லை.
சமர்ப்பி என்பதை அழுத்தினேன்.

சேர்க்கைக்குப் பத்து மணிக்குள் வரச் சொன்னார்கள்.
முதல் பஸ்.
ஜவுளிக்கடைப் பையில் சான்றிதழ்கள்,
மடியில் அம்மா, அவளுடைய பாதி உடம்பு.
இன்னொரு பாதி ஜன்னலோடு சாய்ந்து தூங்கியது.
குஞ்சப்பனை தாண்டியதும் நின்றோம்.
ரோட்டின் நடுவே ஒரு யானை
பலாப்பழத்தைக் காலால் அமுக்கிப் பிளந்து
சுளை சுளையாகத் தேடிக்கொண்டிருந்தது.
டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
ஏழே முக்கால்.
கண்டக்டர் பொதுவாகச் சொன்னார்:
'கொட்டைய துப்புற வரைக்கும் நகராது.'

யாரும் பேசவில்லை.
கீழிருந்து வெக்கை
மெதுவாக ஏறி வந்தது.
இரண்டு காதும் அடைத்திருந்தன.
அம்மா கண் விழித்து ஏதோ கேட்டாள்,
வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.
எச்சில் விழுங்கினேன்.
ஒரு காது திறந்தது.