பதினோராவது விநாடி

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
கோழி லாரிகள் வரிசைகட்டும் நேரம்தான்
என் கடைக்கு வியாபாரம்.
டிரைவர்கள் பென்டிரைவை நீட்டுவார்கள்:
"விடியிற வரைக்கும் கண் அசரக்கூடாது, எதையாவது ஏத்து."
வீடியோவின் லிங்கை ஒட்டுவேன்.
படம் ஒருபக்கம் உதிர, பாட்டு மட்டும் இறங்கும்,
நிலக்கடலை உரிப்பதுபோல.
நூறு பாட்டுக்கு முப்பது ரூபாய்.

கோழிக்கு பில் உண்டு, இளநீருக்கு பில் உண்டு.
சட்டைப்பைக்குள் எல்லை தாண்டும் ஆயிரம் பாட்டை
இதுவரை எந்த அதிகாரியும்
டார்ச் அடித்துப் பார்த்ததில்லை.

எதிரே, புளியமரத்தடியில் பாத்துமுத்து.
கேரள லாட்டரி.
கோட்டுக்கு இந்தப் பக்கம் விற்றால் தொழில்,
இருபதடி தள்ளி விற்றால் வழக்கு.
காலை ஏழுக்கு ஆரம்பிப்பாள்:
"நாளைக்குக் குலுக்கல், நாளைக்குக் குலுக்கல்,
நேத்து வாங்காதவன் இன்னிக்கு வாங்கு,
இன்னிக்கும் வாங்காதவன் என்னைத் திட்டாதே..."
கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே போய்
மூச்சு தீருமிடத்தில்
ஓர் இருமல்.

பொள்ளாச்சிப் பையன் ஒருவன் பைக்கை நிறுத்திப் படமெடுத்துப் போனான்.
நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.
அவளிடம் இருந்தது பட்டன் போன்.

பிறகு சாஜு வந்தான். லாட்டரி வண்டி வைத்திருப்பவன்.
"குரல் மட்டும் மதி சேட்டா, ஸ்பீக்கருக்கு."
எடுத்துக் கொடுத்தேன், ஐம்பது ரூபாய்.
பின்னால் கேட்ட ஹாரனைத் தணித்தேன்.
பதினோராவது விநாடியில் கிடந்த இருமலை
நறுக்கியெடுத்து இரு முனையையும் தைத்தேன்.
தையல் தெரியவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அன்று முதல் ஊரில் இரண்டு பாத்துமுத்து.
ஒருத்திக்குத் தண்ணீர் தவிக்காது,
மத்தியானம் சோறு வேண்டாம்.
சீட்டு வாங்க வந்தவர்கள்
சத்தம் கூடிய பாத்துமுத்துவிடம் போனார்கள்.

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன்.
"அந்த வண்டியில கத்துறது நானா தம்பி?"
"ஆமாக்கா."
"இவ்வளவு நல்லாவா கத்துறேன்?"
கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்தாள்.
"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. தொண்டை புண்ணாயிருக்கு."
ஐந்து பத்து ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.
இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

போன மாதம் அவள் மகள் ஷமீமா
அம்மா கூவுவதைப் புதிதாக எடுத்து ஏற்றினாள்.
மறுநாளே அறிவிப்பு:
இந்த ஒலியின் உரிமை வேறொருவருக்கு.
எர்ணாகுளத்தில் ஏதோ ஒரு கம்பெனி
சாஜுவின் வண்டிக் குரலுக்கு அடியில் தாளம் போட்டு
தன் பேரில் பதிந்துவைத்திருக்கிறது,
என் தையலோடு சேர்த்து.

"அப்போ நாளைக்கு நான் கூவலாமா, கூடாதா?"
பாத்துமுத்து கேட்டாள்.
கூவலாம், படம்தான் போடக்கூடாது என்றேன்.
சொல்லும்போதே அது எனக்கே பிடிக்கவில்லை.

ஆட்சேபப் படிவத்தைத் திறந்தோம்.
ஒலி உங்களுடையது என்பதற்கு ஆதாரம் இணைக்கவும்.
என் கணினியில் 'கழிவு' என்றொரு கோப்புறை,
ஹாரன்களும் நாய்க் குரைப்புகளும் சேருமிடம்.
அங்கே கிடந்தது, அரை விநாடி.
ஓடவிட்டேன்.
"ஹா, இது நான்தான்" என்றாள் உடனே,
பாதி கேட்கும் முன்பே.

அடுத்த கட்டம்:
ஒலி எப்படிப் பிறர் கைக்குப் போனது? விவரிக்கவும்.
அவள் எழுத்து வாசிக்காதவள்.
ஷமீமா வாசிப்பாள். என்னையே பார்த்தாள்.
முதலில் என் பெயரை அடித்தேன்,
பிறகு கடையின் பெயரை,
பிறகு தொகையை.
அனுப்பியாயிற்று. முப்பது நாளாகுமாம் பதில்.

இன்று காலை
ஒரு பென்டிரைவ் ஜன்னலில் நீண்டது. "எதையாவது ஏத்து."
ஒரு நிமிஷம் என்றேன்.
வெளியே இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக,
நாளைக்குக் குலுக்கல், நாளைக்குக் குலுக்கல்.
ஏழு, எட்டு.
டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.
ஒன்பது.