செவ்வாய்க்கிழமைக் காப்பு

களனி கங்கை கிராண்ட்பாஸுக்குள் வந்த இரவு
அடகுக் கடையின் சேர்வர்
முழங்கால் தண்ணீரில் நின்று
ஒரு பச்சை விளக்கைச் சிமிட்டிவிட்டு அணைந்தது.

"காப்பு இருக்கா?" என்றார் முதலாளி.
இருந்தது.
வெள்ளவத்தையில், என் அலுமாரியில்,
சேலைகளுக்கு நடுவே
ஷொப்பிங் பையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்.
செவ்வாய் இரவு எடுத்தது.
வெள்ளம் வந்தது வெள்ளி.

மூன்று வருடமாகக் காப்பெடுத்தேன்,
ஒருநாளும் மீட்டுப் பார்த்ததில்லை.
இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

பதினொரு மணித்தியாலம்.
தொண்ணூற்றேழு வீதத்தில் நின்றுவிட்டது;
பிளேன்டீ ஆறி ஆடை கட்டியது,
மாடியில் யாரோ ஜெனரேட்டரைத் திட்டினார்கள்,
பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல,
நூறு.

திங்கள் காலை முதல் ஆளாக
மாளிகாவத்தை ரம்ஸியா.
திரையில்:
காப்பு இரண்டு. மீட்கப்படவில்லை.
வட்டி மட்டும் வெள்ளத்தைத் தாண்டி
இன்றுவரை ஏறியிருந்தது.

"வியாழக்கிழமை மீட்டேனே, பிள்ளை."
துண்டு?
"வீட்டோட போச்சு."
கையை உயர்த்தி ஒருமுறை குலுக்கினாள்.
கடை முழுக்கக் கேட்டது.

முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் திகதியை வியாழனுக்கு மாற்றி
விரல்களால் அந்த நாளைப் பதிந்தேன்.

அவளுக்குப் பின்னால் வரிசை, வாசலைத் தாண்டி,
சேறு காயாத வீதிவரை.
ஆளுக்கொரு புதன், ஆளுக்கொரு வியாழன்.
ஒருவர் கையில்
இஸ்திரிப்பெட்டியால் காயவைத்த ரசீது,
எழுத்தே இல்லாமல்.