கரையும் என்றார்கள்

எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்.
இதயத்தில் பேஸ்மேக்கர்?
எலும்பில் ஆணி, தகடு?
பச்சை குத்தியதுண்டா?
உடம்புக்குள் வேறு ஏதாவது, வெளியிலிருந்து வந்தது?
நெலிடா ஃபெர்ராகுட்டி, ஐம்பத்தொன்பது வயது,
கூந்தலிலிருந்து கடைசி ஹேர்பின்னை உருவித்
தட்டில் போட்டபடி சொன்னார்:
ஒன்றுமே இல்லை.

ரொசாரியோவில் மழை விடாத செவ்வாய்க்கிழமை.
தலைவலிக்காக எடுத்த ஸ்கேன்.
மூளை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அதற்கு வெளியே, கண்களுக்குக் கீழே,
இரண்டு வெள்ளைத் திட்டுகள்.
தண்ணீர் இருக்கும் இடத்தை இந்த இயந்திரம்
வெள்ளையாகக் காட்டும்.
இது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒன்று.
வலப்பக்கத்தது கன்னத்தில் இருந்தது.
இடப்பக்கத்தது
இமையோரம் வரை ஏறிப்போய் உட்கார்ந்திருந்தது,
யாரையும் கேட்காமல்.

மைக்கை அழுத்தினேன்.
"சென்யோரா, முகத்தில் ஃபில்லர் போட்டதுண்டா?"
குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது:
"அதுவா? பதிமூன்று வருஷம் ஆகிறதே.
அது எப்போதோ கரைந்துபோயிற்று."
"பேசாதீர்கள், படம் கலங்குகிறது" என்றேன்,
கேள்வி கேட்டதே நான்தான்.

உடை மாற்றி வந்து சொன்னார்.
மகள் சில்வானாவின் கல்யாணம்.
சம்பந்தியம்மாளுக்குச் சுருக்கமே கிடையாது.
ஒன்பது மாதம், மிஞ்சினால் பன்னிரண்டு,
காப்பியில் சர்க்கரை மாதிரி என்றாராம் டாக்டர்.
ஒன்பதாம் மாதம் கண்ணாடி 'காலி' என்றது.
மறுபடி நிரப்பினார்கள்.
கண்ணாடி மறுபடியும் சொன்னது.
மூன்று தடவை.
கண்ணாடிக்குத் தோலைத் தாண்டிப் பார்க்கத் தெரியாது.

காலையில் கண் வீங்கினால்
உப்பின் மேல் பழி போட்டிருக்கிறார்,
தலையணையின் மேல், ஆற்று ஈரத்தின் மேல்.
ஒரு குளிர்காலக் காய்ச்சலில்
கன்னம் பாதாம் கொட்டைபோல் இறுகியபோது
அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள்.
அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

திரையைக் காட்டினேன். காட்டக்கூடாது.
கிட்டே குனிந்து பார்த்தார்.
"எதிர்க்கரைத் தீவுகள் மாதிரி இருக்கிறது."
பரானா ஆறு அப்படித்தான்,
கொண்டுவந்த வண்டலைக் கேட்ட இடத்தில் போடாது.
கரையும் என்று சொன்னது
கரை தேடி ஒதுங்கியிருக்கிறது.

"ஆபத்தா?"
படம் எடுப்பவள் நான். பதில் சொல்பவள் இல்லை.
சொல்கிறவர்களிடமும் எவ்வளவு இருக்குமோ.
ஆய்வுகளில் பாதிக்கு மேல்
பன்னிரண்டாம் மாதம் விளக்கை அணைத்துவிட்டு
வீட்டுக்குப் போய்விடுகின்றன.
முகம் போவதில்லை.

என்ன மருந்து, யார் தயாரித்தது?
ஊதா நிறப் பெட்டி. அவ்வளவுதான் ஞாபகம்.
அந்த கிளினிக்கில் இப்போது
நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.
கரைக்க ஓர் ஊசி இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார்.
"என்னுடையதையும் சேர்த்துக் கரைத்துவிட்டால்?" என்றார்.
பிறகு, கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே,
"சில்வானா கல்யாணம் நாலு வருஷம்தான் நின்றது, தெரியுமா."
நான் சிரிக்கலாமா என்று பார்ப்பதற்குள்
அவரே சிரித்துவிட்டார். இடக்கண் கொஞ்சம் பின்தங்கியது.

டாக்டர் எச்செனிகே அறிக்கையில் ஒரு வரி எழுதினார்:
தற்செயலாகக் கண்டது. தலைவலிக்குத் தொடர்பில்லை.

படிவத்தில் பச்சை குத்திய கேள்விக்குக் கீழே
பேனாவால் இன்னொரு கேள்வி சேர்த்தேன்.
மேலதிகாரி பார்த்தால் அடிப்பார், அடிக்கட்டும்.
வியாழக்கிழமை நாலரை மணிக்கு எனக்கே ஒரு முன்பதிவு,
மூக்கோரக் கோடுகளுக்கு.
முன்பணம் கட்டியாயிற்று.
ரத்து செய்யப் போனை எடுத்தேன்,
வானிலை பார்த்துவிட்டு வைத்தேன்.

தட்டில் ஒரு ஹேர்பின் கிடந்தது.
பின்னாலேயே ஓடினேன், லிஃப்ட் மூடிவிட்டது.
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.
படுக்கையைச் சரிசெய்ய உள்ளே போனபோது
என் மேலங்கிப் பையில்
மறந்தே போயிருந்த ஏதோ ஒன்று
மெல்ல எழுந்து
இயந்திரத்தின் பக்கம் இழுத்தது.