மூன்றாம் மடிப்பு

பாசிக்குடா ஹோட்டலின் பின்பக்கம்
சலவை அறைக்கு ஜன்னல் இல்லை.
பெட்ஷீட்டின் ஒரு முனையில் நான்,
மறு முனையில் ஓட்டமாவடி ஜெஸீமா.
'கோ' என்று அவள் உதறுவாள்.
'வென்ட்' என்று நான் நடந்துபோய்
அவள் விரலில் என் முனையைக் கொடுப்பேன்.
'கோன்.' மூன்றாம் மடிப்பு.

ஈட், ஏட், ஈட்டன்.
பிரேக், புரோக், புரோக்கன்.
கட் மட்டும் மடங்க மாட்டேன் என்கிறது.
கட், கட், கட்.
நேற்றும் இன்றும் அதே அளவுதான்.
'எங்கட சம்பளம் மாதிரி' என்றாள் ஜெஸீமா.

வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலி.
பதினைந்தாம் திகதி நேர்முகம்.
'டென்ஸ் பிழைச்சா விருந்தாளி சிரிப்பான், புள்ள'
என்றார் மேனேஜர்.
அங்கே இருப்பவளுக்குக் கதிரை உண்டு, ஏசி உண்டு,
மாதம் ஒன்பதாயிரம் கூட.

இங்கிலீசுக்குப் பன்னிரண்டு காலமாம்.
சீ.ஆர். கொப்பியில் கோடு கீறிக் கட்டம் போட்டேன்.
பேத்தாழைப் பள்ளியில் மூன்றே மூன்று படித்தோம்.
அதிலும் எதிர்காலம்
சோதனைக்கு முதல்நாள்தான் நடந்தது.

பதினோராவது கட்டத்தில் இருந்தது அது.
ஐ வில் ஹேவ் பெய்ட்.
இன்னும் வராத ஒரு நாளில் போய் நின்று
அதற்கு முன்னமே முடிந்துபோனதைத்
திரும்பிப் பார்க்கிற காலம்.
மார்கழிக்குள் நான் கடனைக் கட்டியிருப்பேன்.

நாற்பது தலையணை உறைக்கு
அயன்பெட்டியோடு சேர்த்து அதைத் தேய்த்தேன்.
ஒவ்வொரு உறையிலும் மார்கழி வந்தது,
கடன் முடிந்திருந்தது,
யாரும் படலையைத் தட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை, தவமலர் வீட்டு வளவில்
லோன் கூட்டம்.
ஆறு பேர் பாயில்.
ஒருத்தி கட்டாவிட்டால் ஐந்துபேர் தலையில்.
லோன் தம்பி டிலக்சன் டெப்பைத் தட்டினான்:
'அக்கா, உங்கட மூணு கிழமை நிக்குது.'

'மார்கழிக்குள்ள கட்டியிருப்பன்.'

வாய்க்குள் இங்கிலீசு இருந்தது,
வெளியில் தமிழாக விழுந்தது.
அவன் நிமிர்ந்து பார்த்தான். நல்ல பொடியன்தான்.
'கட்டியிருப்பீங்கதான் அக்கா,
ஆடு ரெண்டும் சாகாட்டி.
ஆனா கட்டல்லையே.'

தவமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.
அவளும்தான் எனக்குப் பிணை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லைப் புரட்டினேன்.
இங்கிலீசில் முற்றுப்புள்ளி விழுகிற இடத்தில்
எங்கட தமிழில்
ஒரு 'ஆல்' வந்து குந்திக்கொள்கிறது.
கட்டியிருப்பேன், மழை பிந்தியிருந்தால்.
படித்திருப்பேன், அந்த வருசம் பஸ் ஓடியிருந்தால்.
கும்புறுமூலைச் சந்தியில் இறங்கினால்
பாதிச் சனம் இந்தக் காலத்தில்தான் குடியிருக்கிறது.
காணி உறுதிகூட இல்லாமல்.

ஜெஸீமாவிடம் சொன்னேன்.
யோசித்தாள். துணியை வைத்துவிட்டு யோசித்தாள்.
'அப்ப அடுத்த செவ்வா இங்கிலீசிலேயே சொல்லு கா.
அவனும் பாஸில்லையாம்.'

இன்று பதினாலு.
இன்னும் பதினேழு பெட்ஷீட் கிடக்கிறது.
'பே' என்று உதறினாள்.
'பெய்ட்' என்று போனேன்.
'பெய்ட்' என்று மடித்தேன்.
'என்னடி, ரெண்டு தரம் கட்டணுமா?'

'வட்டி' என்றேன்.

அவள் சிரித்துச் சிரித்து
முனையை விட்டுவிட்டாள்.
திரும்பவும் முதலிலிருந்து.